ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாகனம்

2016 ஆம் ஆண்டின் இறுதியில் ஆரம்பித்த வரட்சி 2017 இலும் நீடித்து, நாட்டின் பல மாவட்டங்களை வாட்டியது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கொரு முறை, அதுவும் சில மணித்தியாலங்கள் மாத்திரமே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிக்காஹ் வைபவத்துக்குப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் வந்ததும் வராததுமாக ஹோஸைப் பூட்டி எங்கள் பழைய வேனைக் கழுவிக் கொண்டிருந்தேன். மேட்டு வீட்டுத் தாத்தா வெறும் வாளியுடன் கேற்றடியில் வந்து நின்றார்.

"மௌலவி, எங்கட பைப்புல இன்னும் காத்து மட்டும்தான் வருது. உம்மாவ குளிப்பாட்டணும். ஒரு வாளி தண்ணி எடுக்கலாமா?"

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் கையிலிருந்த ஹோஸ் கனத்துப் போனது. அதற்கு முந்திய நாள்தான் மாணவிகளுக்கு வீண்விரயம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்.

குழாயில் அழுத்தம் குறைந்திருக்கும்போது பள்ளத்திலுள்ள வீடுகள் திறந்துவிட்டால் மேட்டிலுள்ள வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. நான் வேனில் ஊற்றியது என் வீட்டுத் தண்ணீர் மட்டுமல்ல, அந்தத் தாத்தாவின் பங்கும் அதில் கலந்திருந்தது.

எவ்வளவு போகிறது?

உங்கள் வீட்டு ஹோஸால் பத்து லீற்றர் வாளியொன்றை நிரப்பிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், கால் மணித்தியாலம் கார் கழுவ 150 லீற்றர் போய்விடும். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, 2018 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரையறுத்தார்கள். குளிக்க, சமைக்க, குடிக்க, துவைக்க எல்லாமே அதற்குள்தான். குடிநீரால் வாகனம் கழுவுவதும் அங்கு தடை செய்யப்பட்டிருந்தது. நாம் கால் மணித்தியாலத்தில் ஓட விடுவது, அங்கு மூன்று பேரின் ஒரு நாள் தண்ணீர்!

சுத்தத்தை ஈமானுடன் இணைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதே மார்க்கத்தைக் கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என ஹதீஸ்களில் காண்கிறோம். அது ஒரு லீற்றருக்கும் குறைந்த அளவாகும். வணக்கத்துக்கே இந்தச் சிக்கனம் என்றால், வாகனத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! வண்டியில் படிந்த தூசு நஜீஸ் அல்ல. தூசு படிந்த வாகனத்தில் பள்ளிக்குப் போவதில் எந்த வெட்கமுமில்லை.

பத்து லீற்றரில் செய்யும் முறை

அதற்காக வண்டியை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், இலக்கத் தகடு ஆகியவற்றைத் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இது அழகுக்காக அல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காக.

முழுவதும் துடைக்க வேண்டிய நாளில் வெயில் ஏறுமுன், நிழலில் நிறுத்துங்கள். ஒரு வாளியில் ஐந்து லீற்றர் தண்ணீரும் கொஞ்சம் கார் ஷாம்பூவும், மற்றதில் ஐந்து லீற்றர் நல்ல தண்ணீரும் போதும். காய்ந்த துணியால் தூசைத் தேய்த்தால் மணல் பெயின்டைக் கீறிவிடும். எனவே சிறு கோப்பையால் மேலிருந்து கொஞ்சமாக ஊற்றி, தூசு ஊறிய பிறகு துடைக்க வேண்டும். மெதுவான துணியை எட்டாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். கூரை, கண்ணாடி, கதவுகள் என மேலிருந்து கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு பழைய துணி, அதுவும் கடைசியாக.

பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு வைத்தால் தானாகக் கழன்று வரும். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத் தூள் மினுமினுப்பைக் கெடுக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் தகரம் துருப்பிடிக்கும். ஆகவே அங்குள்ளவர்கள் ஈரத் துணியால் துடைப்பதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

சகோதரிகளுக்கு

கார் கழுவுவது ஆண்களின் வேலை, நமக்கென்ன என்று எண்ணி விடாதீர்கள். தாங்கியில் எவ்வளவு மிச்சம், நாளைக்குப் போதுமா என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. ஹோஸை எடுக்கும் மகனிடம் வாளியைக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு. பர்ழான வுழூவில் பயன்படுத்திய தண்ணீரால் மீண்டும் வுழூச் செய்ய முடியாது. ஆனாலும் அது சுத்தமான தண்ணீர்தான் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். வீட்டார் வுழூச் செய்யும் இடத்தில் ஒரு பேஸினை வையுங்கள். உடுப்பு அலசிய கடைசித் தண்ணீரையும் சேர்த்து வையுங்கள். முதலாவது வண்டி துடைக்க உதவும், மற்றது சில்லுக்கும் கால் விரிப்புக்கும் போதும். அரிசி கழுவிய தண்ணீர் வண்டிக்கு வேண்டாம், படை படியும். அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள்.

அன்று தாத்தாவின் வாளியை என் மனைவி நிரப்பிக் கொடுத்தார். நான் பாதி கழுவிய வேனைத் துணியால் துடைத்து விட்டு, இன்னும் இரண்டு வாளிகளை மேட்டு வீட்டுக்குத் தூக்கிச் சென்றேன். நிக்காஹ் வீட்டில் எவரும் எங்கள் வேனைப் பார்க்கவில்லை.

நீரென்னும் நிஃமத்தை அயலவரின் பங்கையும் நினைத்துப் பயன்படுத்த அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.