குருதிக்குள் ஒரு பயணம் – 9: செங்காந்தள் நிறுத்திவைத்த கணம்

கழுத்தில் கட்டும் நெறியெல்லாம் காசநோய் ஆகிவிடாது, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதைத் தாம்பரம் சானடோரியத்தை முன்வைத்துப் போன வாரம் பார்த்தோம். புகை, மது, வெற்றிலைபாக்கு ஆகியவை நோயாளியின் குரோமோசோமில் விட்டுச்செல்லும் தடயங்களை இந்த வாரம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தத் தடயங்களை எப்படித்தான் பார்க்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தால், அங்கே நம் செங்காந்தள் பூத்து நிற்கிறது! தாண்டிப் போக மனம் வரவில்லை.

சில துளி இரத்தம் போதும். அதிலுள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் உறங்கிக் கிடப்பவை. செல் பிரியும்போதுதான் குரோமோசோம்கள் தனித்தனியே தெரியும். எனவே முதலில் அவற்றை எழுப்ப வேண்டும். எழுப்புவது ராஜ்மா வகை விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். அது இப்படி எழுப்புவதை 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் கண்டறிந்தார். இரண்டு மூன்று நாள் 37 டிகிரி சூட்டில் வளர்த்து, செல் பிரியப்போகும் வேளையில் கோல்ச்சிசினையோ அதன் வகை மருந்தையோ விடுகிறார்கள். குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் போக, 46ம் நடுவழியில் நின்றுவிடும். முறிந்தது, துண்டானது, இடம்மாறி ஒட்டியது எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம்.

அந்தக் கோல்ச்சிசின் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது இது. இன்று நம் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கொடியாகப் படரவிட்டு, காலையில் பூ பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து, விதையை மருந்துக்கு விற்கிறார்கள். கொடிய நஞ்சு, யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள்.

சேலையூரில் எங்கள் தெருச் சுவரோரம் பூக்கும் நித்தியகல்யாணியும், குடும்பம் வேறானாலும், செயலில் இதற்கு உறவு. அதிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், லிம்போமாவுக்குத் தரும் 'சாப்' கூட்டு மருந்தில் ஒன்று. அதுவும் குரோமோசோம்களை இழுக்கும் அதே நுண்ணிழைகளைத்தான் பிடிக்கிறது. ஒரு பூ நோயைப் பார்க்க உதவுகிறது, ஒரு பூ நோயோடு போராடுகிறது.

குரோம்பேட்டை வாசகி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "எங்க வீட்டுக்காரருக்கு லிம்போமா, சிகரெட் பிடிச்சதாலதான் வந்துச்சா சார்?" அம்மா, குரோமோசோமில் ஒரு முறிவைக் காட்டி அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. வயது கூடினாலும் முறிவு கூடும். 'சாப்' கூட்டிலுள்ள வேறு மருந்துகளும் கதிர்வீச்சும்கூட குரோமோசோமை முறிக்கும். அதனால்தான் பழக்கத்தின் தடயத்தைத் தேடுபவர்கள் சிகிச்சைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. பலரை ஒப்பிட்டுத்தான் அவர்களும் பேச முடியும். படுக்கையில் இருப்பவர்மேல் பழி போட அந்த எண்ணிக்கை உதவாது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

புகையும் வெற்றிலைபாக்கும் அடுத்த வாரம். கன்னத்தின் உட்புறச் செல்லில், உட்கருவுக்குப் பக்கத்தில் தனியே கிடக்கும் ஒரு சிறு பொட்டிலிருந்து தொடங்குவோம்.