தந்தையின் கையொப்பம்

முதலியார்பேட்டையில் அடுத்தடுத்த இரு வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸுக்குப் படிக்கச் செல்வதாகக் கொள்வோம். ஒருவனுக்கு விசா வேண்டுவதில்லை, மற்றவனுக்கு வேண்டும். காரணம் யாது?

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்ததாயினும், 1956இல் கையொப்பமான உடன்படிக்கை வலுப்பெற்றது 1962 ஆகஸ்டு 16ஆம் நாளன்றே. அன்று இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகளுள், ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் விருப்பந் தெரிவித்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொண்டனர். தெரிவியாதோர் இந்தியப் பிரஜைகளாயினர். 18 வயது நிரம்பாத, மணமாகாத மக்களுக்குத் தந்தையின் தீர்மானமே தீர்மானமாயிற்று. அக்கையொப்பத்தின் பயன் பேரப்பிள்ளைகள் வரை தொடர்கின்றது.

விசா வேண்டும் பிள்ளை 18 வயதுக்குட்பட்டதாயின், பள்ளியிற் சேர்ந்ததற்குச் சான்று, பெற்றோரின் சம்மதக் கடிதம், அங்கே பொறுப்பேற்பவரின் உறுதிமொழி, செலவுக்குப் பொருளுண்டென்பதற்கு ஆதாரம் ஆகியவை கேட்கப்படும். பத்திரங்கள் பலவாயினும் அவற்றின் உட்கருத்து ஒன்றே: ‘அயல்நாட்டில் இப்பிள்ளையைக் காப்பவர் யார்?’ இவ்வினாவை அதிகாரிகள் கேட்குமுன் பெற்றோர் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளல் நலம்.

அன்றைய உடன்படிக்கை இளம்பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கவில்லை. நாமோ, விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் பிள்ளையின் மனத்தையுங் கேட்டறிதல் கடமையாகும்.