பார்த்தவர் பொய் சொல்லவில்லை

பெங்களூரு பீன்யாவில் டீக்கடைப் பேச்சு எங்கே தொடங்கினாலும் என்றாவது ஒருநாள் வானத்துக்குப் போய்விடும். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா இந்தத் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது. செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையமும் இங்கேதான். ஆகவே பறக்கும் தட்டு பற்றிய பேச்சும் வரும். வந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "எங்க ஊர்ல பத்துப் பேர் கண்ணால பார்த்தாங்க சார். பத்துப் பேருமா பொய் சொல்லுவாங்க?"

சொல்லமாட்டார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். பார்த்தவர் நேர்மையானவர் என்றால் அவர் சொன்னது சரி, சரியில்லை என்றால் அவர் பொய்யர் என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: நேர்மையாகவே தவறுவது. அதில்தான் ஆள் நடமாட்டம் அதிகம்.

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் காவல் நின்ற நம் ராணுவத்தினர் வானில் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 தடவை பார்த்துப் பதிவு செய்தார்கள். 155 தடவை அவை எல்லைக்கோட்டைத் தாண்டியதாகவும் குறித்தார்கள். சீன உளவு ட்ரோனோ என்று சந்தேகம். பார்த்தவர்கள் பராக்குப் பார்க்கிறவர்கள் இல்லை, கண்காணிப்பதையே வேலையாகச் செய்பவர்கள். கடைசியில் பெங்களூரு கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். துஷார் பிரபு உள்ளிட்ட வானியலாளர்கள் ஆராய்ந்து பதில் சொன்னார்கள்: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி.

சிரிக்க வேண்டாம். அங்கே நின்றிருந்தால் நாமும் அதையே எழுதியிருப்போம். இருட்டில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தால் கண்ணுக்குக் கிடைப்பது மூன்றுதான்: எந்தத் திசை, தரையிலிருந்து எவ்வளவு கோணம், எவ்வளவு பிரகாசம். தூரம் கிடைப்பதில்லை. தூரம் தெரியாதபோது அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. ஒரு கிலோமீட்டரில் இருக்கும் ட்ரோனும் பல கோடி கிலோமீட்டரில் இருக்கும் வியாழனும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான். "ரெண்டு பனைமர உயரத்துல போச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்த உயரம் அவர் பார்த்தது அல்ல, மனம் போட்ட கணக்கு. இன்னொன்றும் உண்டு. கும்மிருட்டில் ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், நிலையாக நிற்பதும் நகர்வதுபோலத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லையே!

அப்படியானால் வீரர்களின் குறிப்பு வீணா? இல்லை. அதில் நேரம் இருந்தது. ஒன்று மாலை 6 மணி வாக்கில், மற்றது விடிகாலை 4 மணி வாக்கில். 2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் பூமிக்கு ஒரு பக்கமும் சூரியன் மறுபக்கமுமாக நின்றன. பொழுது சாயும்போதே வியாழன் கிழக்கில் ஏறிவிடும். வெள்ளியோ அந்த மாதங்களில் விடிவெள்ளி. கிரகங்களின் நேரத்துக்குத் தினமும் வந்துபோக ட்ரோனுக்கு என்ன அவசியம்?

இதைவிட விசித்திரமான சாட்சியம் 1968 மார்ச் 3 இரவு அமெரிக்காவில் கிடைத்தது. சோவியத்தின் சோந்த் 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் சிதறல்கள் பல மாநிலங்களின் மேல் எரிந்தபடி கடந்தன. வரிசையாக ஒளிகள் வால் விட்டுப் போயின என்று பலர் சரியாகவே சொன்னார்கள். சிலரோ சுருட்டு வடிவக் கலம் ஒன்றையும், அதில் சதுர ஜன்னல்களையும், தகடுகளை இணைத்த ஆணிகளையும்கூடப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களும் படித்தவர்கள், நல்லவர்கள். புள்ளிக் கோலம் மாதிரிதான் இது: கண் வைத்தது புள்ளிகளை மட்டும், கோட்டை இழுத்தது மனம். இழுத்து முடித்தபின் எது புள்ளி, எது கோடு என்று போட்டவருக்கே பிரித்துச் சொல்ல வராது. எட்வர்ட் காண்டன் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்திய பறக்கும் தட்டு ஆய்வு இந்த இரவை விரிவாக அலசியது. வானில் போனது என்ன என்பது உறுதியாகத் தெரிந்ததால், சாட்சிகள் எங்கெங்கே வழுவினார்கள் என்று அளக்க முடிந்தது. என்னைக் கேட்டால், பறக்கும் தட்டுக் கதைகள் அத்தனையிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது இந்த ஓர் இரவுதான்.

நினைவுக்கு இன்னொரு பலவீனம் உண்டு: கேட்பவர் சொல்வதையும் அது சேர்த்துக்கொள்ளும். 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார்கள் மோதும் படத்தைக் காட்டி, கேள்வியின் சொல்லை மட்டும் மாற்றி மாற்றி வேகத்தைக் கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். இப்போது அந்தப் பத்துப் பேருக்கு வருவோம். பார்த்த இரவே பத்துப் பேரும் திண்ணையில் கூடிப் பேசியிருந்தால், மறுநாள் நமக்குக் கிடைப்பது பத்துச் சாட்சியம் இல்லை. ஒன்றுதான், பத்துக் குரலில்.

பழைய சம்பவங்களை மறுபடி ஆராய்பவர்கள் அளவு, தூரம், வேகத்தை ஒதுக்கிவிட்டு நாள், நேரம், திசை, எத்தனை நிமிடம் என்பதைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவை கிடைத்தால் அன்றைய வானத்தைக் கணினியில் திரும்பக் கொண்டுவரலாம், ராக்கெட் பதிவுகளோடு ஒப்பிடலாம். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிர வானில் எரிந்துகொண்டு போனதைச் சீன ராக்கெட்டின் மிச்சம் என்று விரைவிலேயே கணிக்க முடிந்தது இப்படித்தான். அன்று சந்திரபூர் மாவட்டத்தில் ஓர் உலோக வளையமும் விழுந்தது. இப்படிப்பட்ட விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையம் ஒன்று 2020 டிசம்பரில் இதே பீன்யாவில் திறக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு தேடினாலும் விடை கிடைக்காத சம்பவங்கள் சில மிஞ்சும். அவற்றில் குறைவது தகவல். அந்தக் குறைவை வேற்றுக்கிரகவாசி வந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த முறை நீங்கள் ஏதாவது பார்த்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்குங்கள். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. தரையிலிருந்து எத்தனை முஷ்டி, எந்தத் திசை, எத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்புறம் பேசலாம். அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.