ஜீப் வண்டிக்கு ஏற்ற மேலதிக ரயரைத் தெரிதல்

மாரி காலத்தில் வயற்பாதையிற் செல்லும் வண்டிக்கு நான்கு ரயர்கள் போதா. ஐந்தாவது ஒன்றும் உடன் செல்லல் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆயினும் அந்த ஐந்தாவது ரயர் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. நான்கு ரயர்களையும் புதிதாக வாங்குவோர், கழற்றியவற்றுள் மிகத் தேய்ந்த ஒன்றையோ, வேறொரு வண்டியிலிருந்து மலிவாகக் கிடைத்த ஒன்றையோ பின்புறத்தில் மாட்டிவிட்டுக் கவலையற்று இருப்பது வழக்கமாகிவிட்டது. தார் வீதியில் மட்டும் ஓடும் காருக்கு இது ஒருவாறு பொருந்தலாம். நெல் மூடைகளையும் மரக்கறிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சேற்றிலும் மணலிலும் செல்லும் ஜீப், பிக்கப் முதலிய வண்டிகளுக்கு இது சிறிதும் பொருந்தாது.

இதன் தீமை எப்பொழுது வெளிப்படும் என்பதைப் பார்ப்போம். முருங்கன், துணுக்காய் ஆகிய பகுதிகளிலுள்ள கரிய களிமண் மழை பெய்ததும் பசைபோற் சில்லுகளில் ஒட்டிக்கொள்ளும். வறண்ட பிரதேசத்தின் செங்கபில மண், கோடையிற் கல்லைப்போல் இறுகியிருந்தாலும் ஈரம் பட்டவுடன் வழுக்கும் இயல்புடையது. இத்தகைய பாதையில், மாலையிற் பறித்த தக்காளியை இரவோடிரவாகச் சந்தைக்குக் கொண்டு செல்லும்போது பின் ரயர் ஒன்று முட்குத்திக் காற்றிழக்கின்றது என்று கொள்வோம். சாரதி சேற்றில் முழந்தாளிட்டு, மேலதிகச் சில்லை மாட்டி முடிக்கிறார். ஆனால் வண்டி நகர மறுக்கின்றது. மாட்டப்பட்ட ரயர் வழுக்கிச் சுழல, அதன் எதிர்ப்பக்கத்து நல்ல ரயரோ அசையாமல் நிற்கின்றது. விடியும் வரை அங்கேயே காத்திருக்க நேர்ந்தால், பெட்டிகளின் அடியிலுள்ள பழங்கள் நசிந்து, சந்தைக்குச் சேரும்போது பாதி விலைக்கும் போகா.

இஃது ஏன் நிகழ்கின்றது? அச்சின் நடுவே டிபறென்சியல் என வழங்கும் பற்சில்லுக் கூடு உண்டு. வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைக் காட்டிலும் விரைவாகச் சுழல இடங்கொடுப்பதே அதன் தொழில். ஆயின் அது இரு சில்லுகளுக்கும் இழுவையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சில்லு பிடிப்பின்றி வழுக்கினால், அதற்குச் செல்லும் சிறிய இழுவை எவ்வளவோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கும். எனவே ஓர் அச்சிலுள்ள இரண்டு ரயர்களுள் மோசமானது எதுவோ அதுவே அவ்வச்சின் வலிமையைத் தீர்மானிக்கின்றது. இக்குறையைப் போக்க அச்சைப் பூட்டும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு, பெரும்பாலானவற்றில் இல்லை. நான்கு ரயர்களும் ஆழமான, அகன்று விரிந்த பூக்களையுடைய சேற்று ரயர்களாக இருக்க, ஐந்தாவது மட்டும் தார் வீதிக்குரிய நெருங்கிய பூவை உடையதாக இருப்பின், அதன் பள்ளங்கள் சில்லு நாலைந்து முறை சுழலுமுன் களியால் நிரம்பிவிடும். அதன்பின் அது மொட்டை ரயரே. ஆகவே மேலதிக ரயர் மற்ற நான்கின் உடன்பிறப்பாக இருத்தல் வேண்டும் என்பதை முதலிற் கருத்திற் கொள்ளுக.

பூவைப் பற்றி இன்னொன்றும் கவனித்தற்குரியது. சில சேற்று ரயர்களின் பக்கத்தில் அம்புக்குறி காணப்படும். உழவு இயந்திரத்தின் பின் ரயரை மாறிப் பூட்டினால் இழுவை குறையும் என்பது கமக்காரருக்குத் தெரிந்த விடயம், இங்கும் அவ்வாறே. அம்புக்குறியுள்ள ரயர் வண்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். ஆதலால் ஐந்து ரயர்களையும் ஒருங்கே வாங்குவோர் அம்புக்குறி இல்லாத வகையைத் தெரிதல் நன்று.

அளவும் பாரமும்

ரயரின் பக்கச்சுவரிலே 235/75 ஆர் 15 என்பதுபோன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது ரயரின் அகலத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்னும் எழுத்து ரேடியல் முறையிற் கட்டப்பட்டதென்பதற்கு அடையாளம். கடைசி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய வில்லிஸ் ஜீப்புக்குரிய ரயரில் 6.00-16 என இருக்கும். இங்கே அகலமும் அங்குலமே. எழுத்துக்குப் பதிலாகச் சிறு கோடு இருப்பின் அது குறுக்கிழை ரயராகும். ரேடியல் ரயரையும் குறுக்கிழை ரயரையும் ஒரே அச்சில் ஒருபோதும் பூட்டலாகாது.

235/75 ஆர் 15 அளவுள்ள நான்கு ரயர்களுடன், அதே 15 அங்குல றிம்மில் ஏறும் 215/75 ஆர் 15 ரயர் ஒன்றை மேலதிகமாக வைப்பவர் உளர். பார்வைக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கணக்கிட்டால் முன்னையதன் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். பின்னையதன் விட்டம் 703 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் தூரம் செல்ல முன்னையது ஏறக்குறைய 434 முறையும் பின்னையது 452 முறையும் சுழலல் வேண்டும். கிலோமீற்றருக்குப் பதினெட்டுச் சுற்று மிகை. நேரான பாதையில் ஓய்ந்திருக்க வேண்டிய டிபறென்சியலின் சிறு பற்சில்லுகள் இதனால் இடைவிடாது உராய்ந்து சூடேறும்.

நான்கு சில்லும் இழுக்கும்படி கியரை இட்டிருப்பின் தீங்கு இன்னும் பெரிது. பெரும்பாலான ஜீப்புகளில் அந்நிலையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்திற் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. சேற்றிலாயின் சில்லுகள் சற்றே வழுக்கி அம்முரணைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டியான வீதியிலோ வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பற்சில்லுகளிலும் ஏறும். கியர்த்தடி விடுபட மறுப்பதும், சுக்கான் இறுகுவதும் இதன் அறிகுறிகள். பற்சில்லு உடைந்தால் ஆகும் செலவு பல ரயர்களின் விலைக்கு மேற்படும்.

வேறு வழியின்றி அளவு மாறிய ரயரை இட நேர்ந்தால், இரு சில்லு இழுவையில் மட்டும் மெதுவாகச் செல்க. பின் சில்லுகளால் இழுக்கும் வண்டியிற் பழுதுற்றதும் பின் ரயராயின், முன் சில்லுகளுள் ஒன்றைப் பின்னுக்கு மாற்றி, அளவு மாறியதை முன்னுக்கு இடுவது வேலை கூடினும் தக்கது. எப்பொழுதும் நான்கு சில்லுகளாலும் இழுக்கும் வண்டிகளுக்கு இவ்வுபாயமும் உதவாது.

அளவை அடுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும் எண் பாரத்தைப் பற்றியது. அந்த எண்ணே கிலோகிராம் அன்று. அது ஓர் அட்டவணைக் குறி. 100 என்றால் அந்த ரயர் 800 கிலோகிராமும், 105 என்றால் 925 கிலோகிராமும் தாங்கும். எனவே 105 குறியுள்ள இரு ரயர்கள் பின்னச்சில் 1,850 கிலோகிராமைத் தாங்க, 100 குறியுள்ளவை இரண்டும் 1,600 கிலோகிராமையே தாங்கும். வேறுபாடு 50 கிலோகிராம் மூடை ஐந்து. மூடைகளை எண்ணி ஏற்றும் கமக்காரர் இவ்வெண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது தகும். பார எண்ணையொட்டி வரும் எழுத்து வேகத்துக்குரியது. வயற்பாதை வண்டிக்கு அதைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

யப்பானிலிருந்து இறக்குமதியான சில வண்டிகளில் மெல்லிய, ஒடுங்கிய மேலதிகச் சில்லு ஒன்று உண்டு. அது மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், நல்ல வீதியில், அண்மையிலுள்ள திருத்துமிடம் வரை செல்வதற்கென்றே அமைந்தது. பாரத்துடன் சேற்றில் இறங்க அதனை நம்பலாகாது. இடமிருப்பின் முழு அளவுச் சில்லொன்றைத் தேடிக்கொள்க.

வயதும் தேய்வும்

மேலதிக ரயர் ஓடாமலே முதுமையடையும். வண்டியின் பின்கதவில் வெயில் படத் தொங்குவதாற் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். பூ மட்டும் புதியதுபோலவே இருக்கும். அதனைக் கண்டு ஏமாறுவோர் பலர். பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் வரியின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்க. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது. இறுதியில் மூன்று இலக்கங்களே இருப்பின் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, எவ்விலைக்கும் வாங்கற்க. பாவனைக்கு வந்து ஐந்து ஆண்டு சென்றபின் ஆண்டுக்கொருமுறை தேர்ந்தவரைக் கொண்டு சோதிப்பித்தலும், செய்து பத்தாண்டு ஆனதைத் தேயாவிடினும் நீக்குதலும் ரயர் உற்பத்தியாளர் பலர் கூறும் அறிவுரையாகும்.

ரயர் வீணே முதுமையடையாதிருக்க நல்ல வழி, ஐந்தையும் முறை மாற்றி ஓடவிடுவது. ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மேலதிக ரயரையும் சேர்த்து இடம் மாற்றினால் ஐந்தும் ஒருமிக்கத் தேயும். அவ்வாறு செய்யாவிடில், மற்றவை 3 மில்லிமீற்றர் பூவுடனும் மேலதிகமானது 10 மில்லிமீற்றர் பூவுடனும் நிற்கும். விட்டத்தில் 14 மில்லிமீற்றர் வேற்றுமை வந்துவிடும். ஐந்து ரயர்களுக்குப் பணம் இல்லாதவர், நான்கை வாங்கி, கழற்றிய பழைய நான்கனுள் மிக நல்லதை மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம். மிகத் தேய்ந்ததை வைத்துவிட்டு நல்லதை விற்பதே பலர் செய்யும் பிழை. மேற்புறம் மீள இறப்பர் ஒட்டப்பெற்ற ரயரை வாங்குவதாயின், அதன் சுற்றளவை நாடாவினால் அளந்து மற்றவற்றோடு ஒப்பிட்டபின் வாங்குக.

றிம்மையும் மறத்தலாகாது. துளைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதாது. நடுத்துவாரமும் உட்குழிவும் ஒத்திருத்தல் வேண்டும். வண்டியில் அலுமினியக் கலப்புச் சில்லுகளும் பின்னால் இரும்புச் சில்லும் இருப்பின், இரண்டுக்கும் ஒரே நட்டுகள் பொருந்தும் என்று எண்ணிவிடற்க. பொருந்தாதவிடத்து இரும்புச் சில்லுக்குரிய நட்டுகளைத் தனியே ஒரு பையிலிட்டு வண்டியில் வைத்திருத்தல் வேண்டும்.

மேலதிகச் சில்லின் மேல் டீசற் கலனையோ பூச்சிகொல்லிப் போத்தலையோ வைப்பது கூடாது; எண்ணெய் இறப்பரை ஊதச்செய்யும். உரமூடையிலிருந்து சிந்தும் பொட்டாசு றிம்மை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வண்டிக்கு அடியில் தொங்கும் சில்லாயின் அதன் சங்கிலியிற் களி படிந்து இறுகிவிடுவதுண்டு. ஆகவே மாரிக்குமுன் அதனை ஒருமுறை இறக்கிக் கழுவி எண்ணெயிடுக. காற்றமுக்கத்தை மாதமொருமுறை அளந்து, பாரத்துடன் செல்லும் பின் ரயருக்குக் கூறப்பட்டதிலும் சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு இறாத்தல் கூடுதலாக வைத்திருக்க. கூடியதை வழியில் இறக்கிவிடலாம். குறைந்ததை ஏற்றப் பம்பு வேண்டும்.

புரட்டாதி மாதத்தில், பெரும்போக விதைப்புக்கு முன்னர், வீட்டு முற்றத்திலேயே மேலதிகச் சில்லை ஒருமுறை மாட்டி வீதிவரை ஓட்டிப் பார்க்க. நட்டு இறுகுகின்றதா, சில்லு எங்கேனும் உரசுகின்றதா, ஜாக்கி போதிய உயரம் எழுகின்றதா என்பன அப்பொழுதே தெரிந்துவிடும். ஜாக்கியின் கீழ் வைப்பதற்கு ஓர் அடிச் சதுரமும் இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ள பலகையொன்றையும் வண்டியில் இட்டு வைக்க. அஃதின்றேல் சேற்றில் வண்டி எழாது, ஜாக்கியே தாழும்.