முகப்பில் நான்கு எழுத்துகள், உள்ளே பாட்டியின் வேலை

தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையத்தைக் கடக்கும்போது முகப்பைச் சற்று அண்ணாந்து பாருங்கள். வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில்துறை ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கும். இத்தாலியச் சிற்பி ஆஞ்சலோ வன்னெட்டியின் கைவண்ணம். அவற்றோடு எஃப், எம், எஸ், ஆர் என்று நான்கு எழுத்துகள். மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே என்பதன் சுருக்கம் அது. சிங்கப்பூரோ அந்தக் கூட்டில் ஒருபோதும் இருந்ததில்லை!

1903இல் இங்கு ஓடத் தொடங்கிய ரயில் தேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டது. ஆம், தெண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலைதான். 1918இல் அந்த ரயில்வே கூட்டு மாநிலங்களின் கைக்குப் போனது. 1923இல் ஜொகூர் பாலத்தின் மேல் ரயில் ஓடியது. ரப்பரும் ஈயமும் நேராகக் கப்பலுக்குப் போகவேண்டுமே! துறைமுகத்தை ஒட்டிப் புது நிலையம் எழுந்தது. 1932 மே 2ஆம் தேதி திறப்பு விழா.

கோலாலம்பூர் நிலையத்தை 1910இல் ஹபக் குவிமாடங்களும் மாடங்களுமாக அரண்மனைபோலக் கட்டியிருந்தார். 22 ஆண்டுகளுக்குப் பின் வந்த தஞ்சோங் பகாரில் நேர்க்கோடுகளும் உயரமான கூடமும்தான். எனக்கு இதுதான் பிடிக்கும். அறிவிப்பாளர் புத்தி, அந்தக் கூடத்தின் எதிரொலிக்காகவே பிடிக்கும்.

கூடத்துச் சுவர்களில் நெல் நடவு, ஈயச் சுரங்கம், மாட்டுவண்டி, கப்பல், கொப்பரை, பால்மரம் சீவுதல் என ஆறு பெரிய சித்திரங்கள். சிறு வயதில், கோலாலம்பூர் இரவு ரயிலுக்குக் காத்திருந்தபோது அப்பா ஒன்றைக் காட்டினார்.

“அதோ பார், உன் பாட்டி செஞ்ச வேலை.”

பாட்டி ஜொகூர்த் தோட்டமொன்றில் மரம் சீவியவர். ரயிலில் ஏறும்வரை அந்தச் சித்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டவாளம் போட்டதிலும் நம்மவர் கை உண்டு. நிலைய அதிபர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறையப் பேர் இருந்தார்கள். முகப்புச் சிலைகளில் அவர்களைத் தேட முடியாது.

2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். அதே ஆண்டு நிலையம் தேசிய நினைவுச்சின்னமானது. வட்டப் பாதையின் கெண்டோன்மென்ட் பெருவிரைவு ரயில் நிலையம் அதனடியிலேயே கட்டப்பட்டது. கட்டுமானத்துக்காகப் பழைய நடைமேடையின் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது, திரும்பப் பொருத்துவதாகச் சொல்லித்தான் பிரித்தார்கள்.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. இருந்தாலும் அந்தச் சித்திரத்தின் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.