பழைய கயாக் விற்கிறீர்களா? விளம்பரத்தில் எழுதுவதெல்லாம் வாக்குறுதி

"கடல் பயணக் கயாக் விற்பனைக்கு. எடை குறைவு. நல்ல நிலை." பிரிட்டனில் குளிர் குறைந்து பகல் நீளத் தொடங்கியதும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் கண்ணில் படும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சுற்றியும் துடுப்புப் போட்டவர்கள் வேறு படகுக்கு மாறும்போது பழையதை விற்றுவிடுகிறார்கள். கார்பன் அல்லது கெவ்லார் இழையில் செய்த ஐந்து மீட்டர் படகு, புதிதென்றால் சில ஆயிரம் பவுண்டு விலை. பழையதற்கும் கணிசமான பணம் கைமாறுகிறது.

"நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்? பார்த்துத்தானே வாங்குகிறார்கள், அப்புறம் என் பொறுப்பு என்ன?" என்று விற்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போவதால்தான் சண்டையும் நஷ்டமும் வருகின்றன.

சட்டம் எதைக் கேட்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடையில் வாங்கும் பொருளுக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. பொருள் திருப்தியான தரத்தில் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் 1979ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ள இரண்டு கடமைகள் தனியாளுக்கும் உண்டு. ஒன்று, விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். இரண்டு, பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும். வாங்குபவரை நம்பவைத்த பொய்க்கு 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்படி இழப்பீடு கேட்கவும் வழியுண்டு. "இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது" என்று எழுதிவிட்டால் பொய் மறைந்துவிடாது.

வாங்கி விற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு "சொந்தப் படகு" என்று சொல்பவர், வணிகர் என்ற உண்மையை மறைக்கிறார். சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது.

"எடை குறைவு" என்று எழுதும் முன்

இத்தகைய படகின் விலையே எடையில்தான் இருக்கிறது. சாதாரண ஃபைபர்கிளாஸ் கடல் கயாக் ஏறத்தாழ 25 கிலோ. கார்பன், கெவ்லார் படகு அதைவிடச் சில கிலோ குறைவு. தனியே காரின் மேல் ஏற்றுபவருக்கு அந்தச் சில கிலோ பெரிய விஷயம். தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள எடை புதுப் படகுக்கு உரியது. பழுது பார்த்த ஒவ்வொரு ஒட்டும் எடையைக் கூட்டும். ஆகவே எடை போடுங்கள். படகைத் தோளில் வைத்தபடி குளியலறைத் தராசில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

சட்டம் கேட்காததும் கடல் கேட்பதும்

தெரிந்த குறைகளையெல்லாம் தானாக முன்வந்து சொல்லும் பொதுக் கடமை தனியாளுக்குச் சட்டத்தில் இல்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவே. ஆனால் கயாக் என்பது மேசை நாற்காலி அல்ல. அதன் குறை கரையிலிருந்து வெகுதூரத்தில்தான் தெரியவரும்.

கடல் கயாக்கின் முன்னும் பின்னும் உள்ள அறைகளைத் தடுப்புச் சுவர்கள் பிரிக்கின்றன. கவிழ்ந்தாலும் படகு மிதப்பது அந்த அறைகளில் உள்ள காற்றால்தான். ஒரு சுவர் கசிந்து அறையில் நீர் நிறைந்தால் அந்த முனை அமிழ்ந்து, படகு கம்பம்போல் செங்குத்தாக நின்றுவிடும். அதில் மறுபடி ஏறுவது ஏறக்குறைய இயலாத காரியம். மார்ச், ஏப்ரலில் பிரிட்டன் கடல்நீர் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழேயே இருக்கும். அந்தக் குளிரில் கைவிரல்கள் வெகுநேரம் சொன்னபடி கேட்காது.

அதனால் விற்கும் முன் நீங்களே சோதியுங்கள். ஓர் அறையில் ஒரு வாளி நீர் ஊற்றிப் படகைச் சாய்த்து, உட்காரும் பக்கம் கசிகிறதா பாருங்கள். மூடிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்கெக் எனும் பின்புற அடித்தகடு தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மேற்பூச்சில் சிலந்திவலை போன்ற கீறல் தெரிந்தால், அதே இடத்தை உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இழை வெளுத்திருந்தால் அடி ஆழமாகப் பட்டிருக்கிறது. கண்டதைப் படமெடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் நாளை வழக்கு வந்தால், இன்று நீங்கள் ஒப்புக்கொண்ட குறைதான் உங்களுக்குச் சாட்சி.

பணம் பறிபோகும் வழிகள்

விற்பவரை ஏமாற்றுபவர் பெரும்பாலும் படகைப் பார்க்க வரமாட்டார். பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வார். "கூரியர் வருவார்" என்பார். விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். அல்லது பணம் செலுத்தியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டுவார். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகே படகின் கட்டை அவிழ்க்க விடுங்கள்.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. காருக்கு இருப்பதுபோல் கயாக்குக்குக் கட்டாயப் பதிவேடு இல்லை. திருட்டுப் படகை வாங்கினால் அசல் உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்கலாம். வரிசை எண்ணையும் பழைய ரசீதையும் கேளுங்கள். படகை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கைமாறும் நாளில் இரண்டு பிரதி ரசீது எழுதுங்கள். இருவர் பெயர், முகவரி, தேதி, விலை, வரிசை எண், சொல்லப்பட்ட குறைகள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டால்

மோசடிக்காரருக்கு வங்கிவழி பணம் அனுப்பிவிட்டீர்கள் என்று தெரிந்த உடனே வங்கியை அழையுங்கள். 159 என்ற எண் பெரும்பாலான வங்கிகளோடு இணைக்கும். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் நடந்த இத்தகைய மோசடிப் பணமாற்றத்துக்கு வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். 13 மாதத்துக்குள் கோர வேண்டும். 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் மிகப் பெரிய அலட்சியம் போன்ற விலக்குகளும் உண்டு.

உண்மையான விற்பவரோடு படகின் நிலை குறித்து வரும் தகராறு இதில் அடங்காது. அதற்கு முதலில் எழுத்தில் கோரிக்கை, பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரை அங்கே தொடுக்கலாம். பொதுவாக ஆறு ஆண்டு காலவரம்பு உண்டு. 0808 223 1133 என்ற எண்ணில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக வழிகாட்டும்.

உங்களிடம் படகு வாங்கியவர் ஒருநாள் அலைக்கு நடுவே தனியாக இருப்பார். அன்று அவர் நம்பியிருப்பது நீங்கள் சொன்ன சொல்லைத்தான். பழுது பார்த்த இடத்தை இன்றே விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.