பரணில் கிடக்கும் ட்ரோன் மீண்டும் பறக்குமா?

தேவிகாபுரத்துத் தெரு ஒன்றில் நடந்து செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே பெரியநாயகி அம்மன் கோவில் கோபுரம் தெரிகிறது. வீடுகளின் உள்ளேயிருந்து தறி ஓசை கேட்கிறது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகளில் பல, இவ்வூர்த் தறிகளிலிருந்து சென்றவையே.

சில ஆண்டுகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய நெசவாளர் ஒருவர், தம் பழைய தறியை மீண்டும் ஓட்ட விரும்பினால் என்ன செய்வார்? எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதுத்தறி வாங்குவாரா? மாட்டார். மரச்சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இற்றுப்போன கயிறுகளை மாற்றுவார். தேய்ந்த அச்சை எடுத்துவிட்டு வேறு போடுவார். காசு மிஞ்சினால்தான் புது ஜக்கார்டு பெட்டியைப் பற்றி யோசிப்பார்.

இதே கேள்வி இன்று வேறொரு பொழுதுபோக்கிலும் எழுகிறது. உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ 2018 வாக்கில், கல்லூரியில் படித்தபோது, எஃப்.பி.வி. ட்ரோன் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டிருக்கலாம். பிறகு வேலை வந்தது. பெட்டி பரணுக்குப் போனது. இப்போது அதை இறக்கித் தூசு தட்டுகிறார். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். எதை மாற்றுவது? எதை வைத்துக்கொள்வது? கடைக்காரரைக் கேட்டால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். நாம் இயற்பியலைக் கேட்டுப் பார்ப்போமா?

விமானியின் கண்

சாதாரண ட்ரோனை ஓட்டுபவர் தரையில் நின்றுகொண்டு, வானில் அது போவதைப் பார்த்து ஓட்டுகிறார். எஃப்.பி.வி. ட்ரோனில் அப்படியில்லை. அதன் முகப்பில் உள்ள சிறு காமிரா படம் பிடிக்கிறது. அந்தப் படம் வானொலி அலையாக வந்து, ஓட்டுபவர் அணிந்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் தெரிகிறது. தரையில் அமர்ந்திருப்பவருக்கு, தாமே பறப்பது போன்ற காட்சி கிடைக்கிறது.

இதில் முக்கிய உறுப்புகள் ஐந்து: மின்கலம், சுழலியுடன் கூடிய மோட்டார்கள், பறப்பைக் கட்டுப்படுத்தும் மின்பலகை, கட்டளையைக் கொண்டு செல்லும் ரேடியோ, படத்தைக் கொண்டு வரும் காமிரா அமைப்பு. கார்பன் இழைச் சட்டம் இவற்றைத் தாங்குகிறது. சட்டம் முறியவில்லையென்றால் அதை மாற்றவே வேண்டாம். மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற உறுத்தல் இல்லாமல் சுற்றினால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் செலவு: மின்கலம்

ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர் மின்கலம். ஓர் அறையின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதும் மின்னேற்றினால் 4.2 வோல்ட். நான்கு அறைகளைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட் கிடைக்கும்.

ஆண்டுக்கணக்கில் கிடந்த மின்கலத்துக்கு என்ன நேர்கிறது? உள்ளேயுள்ள வேதிப்பொருள்கள் மெல்லச் சிதைவதால் அதன் உள்மின்தடை உயர்கிறது. நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியை இங்கே பயன்படுத்துவோம். புது மின்கலத்தில் ஓர் அறையின் உள்மின்தடை 5 மில்லி ஓம் என்று கொண்டால், நான்கு அறைக்கு 20 மில்லி ஓம், அதாவது 0.02 ஓம். ட்ரோன் வேகமாக மேலேறும்போது 50 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது என்க. உள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம் 50 × 0.02 = 1 வோல்ட். கவலையில்லை.

பழைய மின்கலத்தில் உள்மின்தடை நான்கு மடங்காகியிருந்தால்? இழப்பு 4 வோல்ட்! மோட்டார்கள் திணறும். அதோடு முடியவில்லை. உள்ளே உண்டாகும் வெப்பத்தின் திறன், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும்: 50 × 50 × 0.08 = 200 வாட். கைக்குள் அடங்கும் பொட்டலத்துக்குள் இரண்டு 100 வாட் குண்டு விளக்குகளை எரிய விட்டதுபோல! மின்கலம் உப்பும், தீப்பற்றவும் கூடும்.

எனவே உப்பிய மின்கலத்தை மின்னேற்றிப் பார்க்கவே கூடாது. பட்டு நூலும் மரத்தறியும் நிறைந்த வீட்டில் ஒரு பொறி போதும். ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு சாம்பலாகிவிடும். அதை வெளியே, தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். புது மின்கலத்தையும் ஆள் இல்லாத நேரத்தில் மின்னேற்றாதீர்கள். பல நாள் சும்மா வைக்கும்போது அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் ஆயுள் நீளும்.

கையிலுள்ள பணத்தில் ஏறத்தாழப் பாதியை இரண்டு நல்ல மின்கலங்களுக்கு ஒதுக்குவதில் தவறில்லை.

ஒரு தூண்டில்

இங்கே ஒரு தூண்டில் காத்திருக்கிறது. இப்போது பலரும் ஆறு அறை மின்கலத்தை, அதாவது 22.2 வோல்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நன்மை உண்டு. ஒரே அளவு திறனைப் பெற, மின்னழுத்தம் ஒன்றரை மடங்கானால் மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகிறது. கம்பிகளில் ஏற்படும் வெப்ப இழப்போ ஒன்பதில் நான்கு பங்காகக் குறைகிறது.

அப்படியானால் பழைய ட்ரோனிலும் அதையே மாட்டலாமா? மோட்டாரின் மேல் 2400 கே.வி. என்று எழுதியிருக்கிறது என்று கொள்வோம். சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2400 சுற்று என்பது இதன் பொருள். 14.8 வோல்ட்டில் 35,520 சுற்று; 22.2 வோல்ட்டில் 53,280 சுற்று! அந்த மோட்டாரும் அதை இயக்கும் மின்சுற்றும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதல் பறப்பிலேயே கருகிவிடலாம். ஆறு அறைக்கு 1700 கே.வி. போன்ற மோட்டார் வேண்டும். ஆகவே பழைய மோட்டார் இருக்கும்வரை நான்கு அறையே போதும்.

இரண்டாம் செலவு: ரேடியோ

கட்டளை ரேடியோ அறுந்தால் ட்ரோன் போன இடம் தெரியாது. இத்துறையில் பெரிய மாறுதல் 2021 வாக்கில் பரவிய எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்னும் முறை. தன்னார்வலர்கள் உருவாக்கி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்ட மென்பொருள் இது. லோரா எனப்படும் அலைவடிவத்தில் இது இயங்குகிறது. இதில் அலையின் அதிர்வெண் நிலையாக இராமல், சீழ்க்கை ஒலி கீழிருந்து மேலே ஏறுவதுபோல ஓடுகிறது.

பத்துத் தறிகள் ஓடும் கூடத்தில் நிற்கிறீர்கள். அம்மா உங்கள் பெயரை ஒரு தனி இழுப்போடு கூப்பிடுகிறார். இரைச்சலைவிட மெல்லிய குரல்தான். ஆனாலும் காது பிடித்துக்கொள்கிறது. ஏன்? எந்த வடிவத்தைத் தேட வேண்டுமென்று காதுக்கு முன்பே தெரியும். லோரா ஏற்பியும் இப்படித்தான் இரைச்சலுக்கு நடுவில் தனக்குத் தெரிந்த வடிவத்தைத் தேடி எடுக்கிறது. குறைந்த திறனில் நெடுந்தூரம் எட்டுவது இதனால்தான்.

ட்ரோனில் பொருத்தும் ஏற்பி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழைய கைக்கருவியின் முதுகில் மாட்யூல் செருகும் பள்ளம் இருந்தால், கருவியை மாற்றாமல் புது மாட்யூலை மட்டும் செருகிவிடலாம். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசிச் செலவு: கண்ணாடி

எல்லோர் கண்ணையும் கவர்வது டிஜிட்டல் கண்ணாடி. பழையது அனலாக் முறை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய தறியை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் துளை இருந்தால் கொக்கி உயரும், இல்லாவிட்டால் உயராது. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே சொற்களில் மாங்காய்க் கரையும் மயிலும் பிறந்துவிடுகின்றன. டிஜிட்டல் படமும் இப்படி 1, 0 என்ற குறிகளாகவே வருகிறது. குறி சரியாக வந்து சேரும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அலை மிகவும் மெலிந்து குறிகள் தவறத் தொடங்கினால் படம் கட்டம் கட்டமாகச் சிதையும். சில வேளை அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அனலாக் முறையிலோ ஒளியின் ஏற்றத்தாழ்வே அலையின் ஏற்றத்தாழ்வாக வருகிறது. அலை மெலிய மெலியப் படத்தில் புள்ளிகள் கூடும். ஆனால் மெல்ல மெல்லத்தான் மங்கும். 'திரும்பி வா' என்று அது முன்கூட்டியே எச்சரிக்கிறது எனலாம்.

இன்னொன்று தாமதம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 20 மீட்டர். படம் 100 மில்லிநொடி தாமதமாக வந்தால், நீங்கள் பார்க்கும் இடத்தைவிட ட்ரோன் 2 மீட்டர் முன்னே போயிருக்கும். மரத்தைப் பார்ப்பதற்குள் மோதிவிடும்! 2019-இல் டி.ஜே.ஐ. நிறுவனம் வெளியிட்ட டிஜிட்டல் அமைப்பில் தாமதம் 28 மில்லிநொடி வரை குறையும் என்று அறிவிக்கப்பட்டது. அதாவது அரை மீட்டருக்குச் சற்று அதிகம். அனலாக் முறை இந்த அளவை முன்பே எட்டியிருந்தது. ஆகப் புதுக் கண்ணாடியால் படத்தின் தெளிவு கூடுகிறது. விரைவு பெரிதாகக் கூடவில்லை.

அதன் விலையோ பல பத்தாயிரம் ரூபாய். கண்ணாடியை மாற்றினால் ட்ரோனில் உள்ள காமிராவையும் மாற்ற வேண்டும். எனவே பழைய கண்ணாடி வேலை செய்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

செலவில்லாத மேம்பாடு

மிக மலிவான மேம்பாடு பயிற்சிதான். கைக்கருவியை யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியில் இணைத்து, பாவனைப் பறப்பு மென்பொருளில் ஓட்டலாம். அங்கே நூறு முறை விழுந்தாலும் ஒரு சுழலிகூட உடையாது. ஆண்டுக்கணக்கில் பழகாத விரல்கள் சில வாரங்களில் பழைய நினைவுக்கு வந்துவிடும்.

மின்பலகையில் இயங்கும் பீட்டாஃபிளைட் என்ற மென்பொருளும் இலவசமே. இதன் முன்னோடியான மல்டிவீ, 2010 வாக்கில் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியிலிருந்து கழற்றிய சுழல் உணரியைக் கொண்டு உருவானது என்பது வியப்பல்லவா? எஃப்1, எஃப்3 வகைச் செயலி கொண்ட மிகப் பழைய பலகைகள் புதிய பதிப்பை ஏற்கா. ஆனால் பழைய பதிப்போடு அவை இன்றும் பறக்கும்.

பறக்கும் முன்

2021 ஆகஸ்ட் 25-இல் வெளியான ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை மைக்ரோ வகை. ஐந்து அங்குலச் சுழலி கொண்ட எஃப்.பி.வி. ட்ரோன் மின்கலத்தோடு அரைக் கிலோவைத் தாண்டிவிடும். எனவே அது மைக்ரோ வகை. பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். பறக்கும் இடம் அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்க்க வேண்டும். அங்கும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது; உதிரிப்பாகங்களுக்குத் தடையில்லை. பழையதைப் பழுதுபார்க்கக் கற்றவருக்கு இது இன்னொரு காரணம்.

கண்ணாடி அணிந்தவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. ஆகவே பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தத் துணைவராக நீங்கள் இருக்கலாம்! கோவில் திருவிழாக் கூட்டத்தின் மேலும் தறிக்கூடத்தின் அருகிலும் பறக்கவிடாதீர்கள். பாவில் சுழலி சிக்கினால் அறுபடும் இழைகளை எண்ணிப் பாருங்கள். தேவிகாபுரத்தில் கனககிரி மலைக்குப் பின்னால் ட்ரோனை ஓட்டிப் போவதும் ஆபத்து. 5.8 ஜிகாஹெர்ட்ஸ் பட அலையின் நீளம் 5 சென்டிமீட்டர்தான். அது பாறையைத் துளைக்காது. மலையைச் சுற்றி வளைந்தும் வராது. கோடையில் வறண்ட ஏரிப்படுகை நல்ல இடம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஏதேனும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறுப்புகளை மூன்று பட்டியலாக எழுதுங்கள்: ஆபத்தானவை, தேய்ந்தவை, நன்றாக இருப்பவை. முதல் பட்டியலை உடனே மாற்ற வேண்டும். இரண்டாவதைக் காசுக்கேற்ப மாற்றலாம். மூன்றாவதைத் தொடவே வேண்டாம். பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தறியைச் செப்பனிடும் நெசவாளர் காலம் காலமாகச் செய்து வருவதும் இந்தக் கணக்குத்தான்!